அன்பின் விருந்தும் பரிசுத்த ஜீவியமும்

வேதபகுதி: கலாத்தியர் 2:11-14; அப்போஸ்தலர் 10; 1 கொரிந்தியர் 11:17-34

அந்தியோகியா சபையில் நடந்த ஒரு சம்பவத்தைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்திருக்கிறார். பேதுரு அங்கே புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட்டு வந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்து சேர்ந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். புறஜாதியாருக்காகவே அனுப்பப்பட்ட பர்னபாவும்கூட அந்த இழுப்பில் அகப்பட்டார். பவுல் இதைத் தனியே அழைத்துச் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை எதிர்த்து நின்றார்.

பேதுரு எந்த உபதேசத்தையும் மறுதலிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்துவின் சிலுவையைக் குறித்தோ உயிர்த்தெழுதலைக் குறித்தோ அவர் ஒரு வார்த்தை மாற்றிப் பேசவில்லை. ஜெபத்தை விடவில்லை, ஊழியத்தை நிறுத்தவில்லை. சாப்பிட உட்காரும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். அது யாரையும் வாயால் புண்படுத்தாத, மிக அமைதியான மாற்றம். ஆயினும் சுவிசேஷத்தின் சத்தியமே அந்தப் பந்தியில் பிசகிவிட்டது என்று பவுல் கண்டார். விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்னும் மாபெரும் உபதேசத்தை அவர் அந்த நிருபத்தில் விரித்துரைக்கத் தொடங்குவது இந்தச் சாப்பாட்டு விவகாரத்தை அடுத்துத்தான்.

தமிழ் வேதாகமத்தில் 'ஜாதி' என்னும் சொல் பெரும்பாலும் இனத்தார், தேசத்தார் என்னும் பொருளிலேயே வருகிறது. ஊர் வழக்கிலுள்ள சாதியை அது குறிப்பதில்லை. எனினும் அந்தியோகியாவின் பந்தியைத் தமிழ்ச் சபையார் வாசிக்கும்போது தங்கள் ஊரை நினையாமல் வாசிக்க இயலாது.

பரிசுத்தமும் தீட்டும்

பரிசுத்த ஜீவியம் என்றவுடன் விசுவாசிகளின் மனதில் எழுவது பிரித்தெடுக்கப்பட்ட வாழ்க்கை. அது வேதத்துக்கு ஒத்ததே. எதிலிருந்து பிரிவது என்பதில்தான் தடுமாற்றம் நேருகிறது. தமிழ் மண்ணில் 'பரிசுத்தம்' என்னும் சொல் விதைக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே 'தீட்டு' வேரூன்றியிருந்தது. தீட்டு என்பது மனுஷரை விட்டு விலகச் சொல்லும் எண்ணம்: இன்னார் தொட்ட தண்ணீர், இன்னார் சமைத்த சோறு, இன்னார் குடியிருக்கும் தெரு. ஞானஸ்நானம் பெற்றபின்னும் அந்த எண்ணம் மனதில் தங்கிவிடுமானால், அது பரிசுத்தம் என்னும் புதிய ஆடையை உடுத்திக்கொண்டு பழைய வேலையையே செய்துகொண்டிருக்கும்.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் பரிசுத்தத்தின் அதிகாரம். கர்த்தர் பரிசுத்தராயிருப்பதால் அவருடைய ஜனமும் பரிசுத்தமாயிருக்க வேண்டும் என்று அது ஆரம்பிக்கிறது. அதன்பின் வருபவை எவை? வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடுதல், கூலிக்காரனுடைய கூலியை விடியுமட்டும் வைத்துக்கொள்ளாமை, செவிடனை நிந்தியாமை, குருடனுக்கு முன் இடறல் வையாமை, பிறன்மேல் பழிவாங்காமல் அவனை நேசித்தல், தராசிலும் படியிலும் வஞ்சகமின்மை. பலிகளையும் வேறு விலக்குகளையும் பற்றிய கட்டளைகளும் அதில் உண்டு. ஆனாலும் அதிகாரத்தின் பெரும்பகுதி வயலிலும் கடைவீதியிலும் வழக்கு மன்றத்திலும் பிறனோடு நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியதே. ஆலயத்தில் கைகளை உயர்த்துகிறவனின் பரிசுத்தம் ரஸ்ஸல் மார்க்கெட்டின் தராசிலும் சோதிக்கப்படும்.

கர்த்தராகிய இயேசு மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இதை இன்னும் கூர்மையாக்கினார். புறத்திலிருந்து உள்ளே போகிற எதுவும் மனுஷனைத் தீட்டுப்படுத்தாது; இருதயத்திலிருந்து புறப்படுகிற பொல்லாதவையே தீட்டுப்படுத்தும் என்பது அவருடைய போதனை. அதைக் காதாரக் கேட்டவர்களில் பேதுருவும் ஒருவர். பின்னர் யோப்பா பட்டணத்தில் அவருக்குத் தரிசனம் கிடைத்தது. அப்போது அவர் தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டில். செத்த மிருகங்களின் தோலைக் கையாளும் தொழில் யூதருக்குள் இழிவாய் எண்ணப்பட்டது. சிவாஜிநகரிலிருந்து அதிக தூரமில்லாத டேனரி ரோடு என்னும் பெயரைக் கேட்டிருப்போருக்கு அந்தத் தொழிலின் வாடையும், அதைச் செய்தோர்மேல் சமுதாயம் சுமத்திய இழிவும் விளங்கும். அந்த வீட்டின் மேல்தளத்தில்தான் பேதுருவுக்கு வானத்திலிருந்து இறங்கிய விரிப்பு காண்பிக்கப்பட்டது. அதற்கு அவர் கண்டறிந்த பொருள் உணவைப் பற்றியதாக இருக்கவில்லை. எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாதென்று தேவன் தமக்குக் காண்பித்தார் என்றே கொர்நேலியுவின் வீட்டில் சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 10:28).

அத்தனையும் அறிந்த பேதுருதான் அந்தியோகியாவில் எழுந்து போனார். வெளிச்சம் பெற்ற ஒருவர் மனுஷருக்குப் பயந்து பின்வாங்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் துயரமான உதாரணம் புதிய ஏற்பாட்டில் அதிகமில்லை.

தண்டின் தமிழ்ச் சபை

1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிப் புதிய பாளையம் அமைத்தார்கள். 'தண்டு' என்று அழைக்கப்பட்ட அந்தப் பாளையத்தைச் சுற்றி, தமிழ் பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் திரளாகக் குடியேறினார்கள். படைவீரர், வணிகர், கட்டட வேலையாட்கள், துரைமார் வீடுகளின் சமையல்காரர், குதிரைக்காரர், துப்புரவாளர் எனப் பலதிறத்தாரும் வந்தார்கள். அக்காலத்தில் பிளாக்பள்ளி எனப்பட்ட பகுதியே இன்றைய சிவாஜிநகர். தமிழ்நாட்டில் சேரி ஓரிடம், ஊர் ஓரிடம் என்று வாழ்ந்தவர்கள் இங்கே அடுத்தடுத்த சந்துகளில் வாழ வேண்டியிருந்தது. சொந்த ஊரின் கட்டுப்பாடு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தது. மனதிலிருந்த கட்டுப்பாடு மட்டும் கூடவே வந்தது.

லண்டன் மிஷனெரி சங்கத்தார் 1820-இல் பெங்களூரில் பணி தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து தண்டிலிருந்த தமிழருக்குள் ஊழியம் செய்தவர் சாமுவேல் பிளேவல் என்னும் தமிழர். ஏறக்குறைய 1787-இல் இந்துக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு முதலில் இடப்பட்ட பெயர் சங்கரலிங்கம். ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் வேலைக்காரராயிருந்தவர். தமிழில் சுவிசேஷத்தை வாசித்து மனந்திரும்பினார். பழைய தூய்மைநெறி ஆசிரியர் ஜான் பிளேவலின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். தண்டின் தமிழ்ச் சபையை மேய்த்தபின் 1827-இல் பெல்லாரிக்குச் சென்று, 1847-இல் மரிக்கும் வரை அங்கேயே போதகராயிருந்தார்.

இன்று தமிழ்ச் சபைகளில் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. மிஷனெரிகளின் படங்கள் ஆலயச் சுவர்களில் தொங்குகின்றன. அவர்களோடு உழைத்த தமிழ் ஊழியருக்கு அந்த இடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பிளேவலோ மறக்கப்படத் தகாதவர். சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடங்கொடுக்க அவர் மறுத்தார். பெல்லாரியில், வெவ்வேறு சாதிகளிலிருந்து வந்த விசுவாசிகள் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் அன்பின் விருந்து அவருடைய சபையின் வாழ்வில் ஓர் அங்கமாயிற்று. ஆதித் திருச்சபையில் இருந்த பெயரே அதற்கு இடப்பட்டது (யூதா 12).

அக்காலத்தில் அது எவ்வளவு அரிய காரியம் என்பதை அறியத் தஞ்சாவூர்ப் பக்கம் பார்க்க வேண்டும். தரங்கம்பாடியில் 1706-இல் தொடங்கிய மிஷன் காலமுதல் சாதிவாரியாக ஆலயத்தில் வெவ்வேறு இடங்களில் உட்காருவதும், திருவிருந்துக்கு மேல்சாதியார் முதலிலும் மற்றவர்கள் பின்னரும் வருவதும் பல சபைகளில் அனுமதிக்கப்பட்டிருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை சபையை விட்டு உடனே, முற்றிலுமாக நீங்க வேண்டுமென்று கடிதம் எழுதினார். அது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வாசிக்கப்பட்டபோது பெருங்கலகம் எழும்பியது. திரளான குடும்பங்கள் சபையை விட்டு வெளியேறின. பிற்பாடு சிலர் திரும்பினார்கள். வேறு சிலர் சாதி விஷயத்தில் மென்மையாயிருந்த லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள்.

வெளியேறியவர்களைக் கபடர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. அவர்களுக்குள் ஜெபவீரர் இருந்தார்கள், உபதேசிமார் இருந்தார்கள். தமிழ்ச் சபை இன்றும் பாடுகிற பாடல்களைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி ஆசாரத்தை ஒழிக்கும் முயற்சிகளுக்கு எதிராக எழுதினார். இது சமுதாய வழக்கம், விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதே அந்தத் தரப்பாரின் வாதம். உண்மையான பக்தியும் இந்த வாதமும் ஒரே இருதயத்தில் குடியிருக்கக் கூடும் என்பதே இதில் அச்சத்துக்குரிய பாடம்.

1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் சாதியைக் கைவிடும்படி வற்புறுத்தியபோது உபதேசிமார் உட்படப் பலர் விலக்கப்பட்டார்கள். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனெரிகளின் மாநாடு, தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்டு சாதியை விட்டதைக் காண்பிப்பவரையே சபையில் சேர்க்க வேண்டுமென்று தீர்மானித்தது. நோக்கம் நல்லது. ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. ஒரு சகோதரியின் சமையல் மற்றவர்களுக்கு வைக்கப்படும் பரீட்சையாகிவிட்டால், அவள் சகோதரியாயிருக்கிறாளா, பரீட்சைக் கருவியாயிருக்கிறாளா? கசப்பு மருந்தைப் போல ஒரு வாய் விழுங்கிவிட்டு, வாழ்நாள் முழுவதும் அவள் வீட்டு வாசலை மிதிக்காமலிருக்கவும் கூடும்.

தீர்மானம் எழுதிய மிஷனெரிமாரின் சொந்த மேஜையின் நிலை என்ன? 1910-இல் எடின்பரோ மாநாட்டில் திருநெல்வேலி வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே. சா. அசரியா எழுந்து பேசினார். மேனாட்டு மிஷனெரிகள் உடைமைகளையும் உயிரையும் இந்தியருக்குத் தந்ததை அவர் மறுக்கவில்லை. அதற்கு மேல் சிநேகத்தைக் கேட்டார். அந்தப் பேச்சு அரங்கில் பலருக்குக் கசந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி, தோர்ணக்கல்லில், சமுதாயம் தள்ளிவைத்த மாலா, மாதிகா மக்களுக்குள் ஊழியம் செய்தார். வெள்ளையருடைய மேஜையைக் குறித்துக் கேள்வி கேட்டவர், தமிழருடைய பந்திக்கும் அதே கேள்வி உண்டென்பதை அறிந்திருந்தார்.

கொரிந்துவின் தவறு

திருவிருந்து ஞாயிறுகளில் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரம் தவறாமல் வாசிக்கப்படுகிறது. அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணுவதைக் குறித்த எச்சரிப்பைக் கேட்டு, மறைவான பாவங்களை நினைத்து நடுங்கி, பந்திக்கு வராமல் பின்வாங்கிவிடுவோரும் உண்டு. தன்னைத்தான் சோதித்தறிவது அவசியமே. ஆனால் பவுல் எந்தப் பாவத்தைக் கண்டித்து அந்த வார்த்தைகளை எழுதினார்? 17-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் விடை கிடைக்கும்.

கொரிந்து சபை செல்வந்தர் வீடுகளில் கூடியிருக்க வேண்டும். அத்தகைய வீடுகளின் விருந்தறையில் சாய்ந்து உண்ண ஒன்பது பேர் அளவில்தான் இடமிருக்கும், மற்றவர்கள் முற்றத்தில். நேரம் தங்கள் கையிலிருந்தவர்கள் முன்னதாக உண்டு குடித்துத் தீர்த்தார்கள். அடிமைகளும் கூலிகளும் வேலை முடித்து வரும்போது ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான். அதற்குக் கர்த்தருடைய இராப்போஜனம் என்று பெயர். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்பதே பவுலின் குற்றச்சாட்டு. ஆகவே கர்த்தருடைய சரீரத்தை நிதானித்தறிதல் என்பதில், அருகே நிற்கும் ஏழைச் சகோதரனும் அந்தச் சரீரத்தின் அவயவம் என்று அறிவதும் அடங்கியிருக்கிறது. அப்போஸ்தலன் கடைசியில் கொடுத்த பரிகாரம் மிகவும் எளியது: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் (11:33).

இரகசிய இச்சைக்காக அழுகிற விசுவாசி, சகோதரனை வாசற்படியிலேயே நிறுத்திவைத்ததற்காக அழுவதில்லை. பிரசங்க பீடங்களும் அவனை அதற்காக அழும்படி அழைப்பது குறைவு.

இன்றைய பந்தி

இக்காலத்தில் ஆலயத்தில் சாதிவாரியாக உட்கார்வோர் நகரங்களில் இல்லை. சிவாஜிநகரின் உணவு விடுதியில் ஞாயிறு ஆராதனை முடித்த குடும்பம் பிரியாணி உண்ணும்போது, சமைத்தவர் யார், பக்கத்து மேஜையில் இருப்பவர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. ஆகையால் சபைக்குள் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்வோர் அநேகர். காசு கொடுத்து உண்ணும் இடத்தில் சாதியை மறப்பது நகர வாழ்க்கையின் வசதி. அதற்கு மனந்திரும்புதல் தேவையில்லை.

சோதனை வேறிடத்தில் இருக்கிறது. கிறிஸ்தவப் பத்திரிகைகளில் வெளியாகும் திருமண விளம்பரங்களைக் கூர்ந்து வாசித்தால் போதும். இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஜெபிக்கிற மணமகள் தேவை என்று தொடங்கும் விளம்பரம் 'சி.எஸ்.ஐ. நாடார்', 'ஆர்.சி. வன்னியர்' என்பவை போன்ற சொற்களில் வந்து நிற்கிறது. முதல் வரி மறுபிறப்பைப் பற்றியது, இரண்டாம் வரி பிறப்பைப் பற்றியது. எந்த வரி விட்டுக்கொடுக்க முடியாதது என்று கேட்டால் பல பெற்றோரால் உண்மையாய்ப் பதில் சொல்ல இயலாது. விசுவாசமற்ற வீட்டில் சாதிக்குள் சம்பந்தம் செய்வோமா, விசுவாச வீட்டில் சாதிக்கு வெளியே செய்வோமா என்ற நெருக்கம் வரும்போது சீஷத்துவத்தின் எடை தெரிந்துவிடும்.

கல்லறையிலும் அது தெரியும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதியென்று பிரித்துச் சுவர் எழுப்பப்பட்டதை நாடறியும். விழுப்புரம் மாவட்டத்தில் அன்றிருந்த எறையூரில் 2008 மார்ச்சில் ஒரே ஞானஸ்நானம் பெற்ற இரு சமுதாயத்தாருக்குள் எழுந்த மோதல், துப்பாக்கிச் சூட்டிலும் இருவர் மரணத்திலும் முடிந்தது. இவை கத்தோலிக்கச் சபையில் நடந்தவை என்று மற்றவர்கள் ஆறுதல் அடைவதற்கில்லை. திருமண்டலத் தேர்தல் வரும்போது வாக்குகள் எவ்வாறு எண்ணிச் சேர்க்கப்படுகின்றன என்பது எல்லாரும் அறிந்த இரகசியம். சுயாதீனச் சபைகளிலும், ஊழியக்காரரின் பூர்வீகத்தை விசாரித்து அறிந்தபின்பே வீட்டுக்கு அழைப்போர் உண்டு.

பெங்களூரின் தமிழ்ச் சபைகளுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபின் அங்கிருந்து அநேகர் வேலை தேடி நாள்தோறும் இரயிலில் இந்நகருக்கு வருகிறார்கள், குடியேறியும் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோரில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்கு வந்த தாழ்த்தப்பட்ட மக்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து கணினி வேலைக்காக வந்த குடும்பங்களும் அதே ஆலயங்களில் அமர்கின்றன. ஆராதனையில் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். பிறகு தங்கவயல்காரர் ஒருபுறமும் தென்மாவட்டத்தார் ஒருபுறமும் நின்று பேசிவிட்டு வீடு திரும்புகிறார்கள். பகை ஒன்றுமில்லை, பழக்கமும் இல்லை. அந்தியோகியாவிலும் பகை இருந்ததாகப் பவுல் எழுதவில்லை.

தென்மாவட்டச் சபைகளில் அசனம் என்று ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிரதிஷ்டை பண்டிகையை ஒட்டிப் பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் சமைத்து, ஊரார் அனைவரும் வரிசையாய் அமர்ந்து உண்பார்கள். நகரத்திலோ அறுப்பின் பண்டிகையன்று கூப்பன் வாங்கி, பொட்டலத்தைப் பெற்று, அவரவர் குடும்பத்தோடு மரத்தடியில் உண்டு முடித்துவிடுகிறார்கள். நிதி சேருகிறது, பந்தி சேரவில்லை. சபைக் கமிட்டியார் விரும்பினால் இதை அடுத்த பண்டிகையிலேயே மாற்றலாம். ஆலயத்தில் ஒரு பந்தி போடுவது அவ்வளவு கடினமன்று. வீட்டுப் பந்தியே கடினம். மாதத்துக்கு ஒரு முறையேனும், சொந்த ஊராருமல்லாத, உறவினருமல்லாத ஒரு விசுவாசக் குடும்பத்தை வீட்டுக்கு அழைத்துச் சேர்ந்து உண்பதும், அவர்கள் அழைக்கும்போது தட்டாமல் சென்று அவர்கள் வீட்டில் சமைத்ததை உண்பதும் வேண்டும். இரண்டாவதே முக்கியம். அழைத்து உணவளிப்பதைத் தர்மமாக எண்ணிச் செய்துவிடலாம்; ஒருவன் வீட்டில் கையேந்தி உண்ணும்போதுதான் அவன் சகோதரனாகிறான். கர்த்தர் சகேயுவுக்கு விருந்து வைக்கவில்லை. அவனுடைய வீட்டில் தங்க வேண்டுமென்று தாமே கேட்டுச் சென்றார் (லூக்கா 19:5).

அந்தியோகியாவில் பவுல் கண்டித்தபோது பேதுரு என்ன பதில் சொன்னார், அந்த நாளிலேயே பழைய பந்திக்குத் திரும்பினாரா என்பதைக் கலாத்தியர் நிருபம் தெரிவிக்கவில்லை. ஆனால் பேதுருவின் இரண்டாம் நிருபத்தின் முடிவில் ஒரு குறிப்பு உண்டு (3:15). எல்லாருக்கும் முன்பாகத் தம்மை வெட்கப்படுத்திய பவுலை அவர் அங்கே பிரியமான சகோதரனாகவே குறிப்பிட்டு, அவருடைய நிருபங்களை வாசிக்கும் சபையாரிடம் அவருக்கு அருளப்பட்ட ஞானத்தைக் குறித்துச் சாட்சி சொல்லுகிறார். அந்த நிருபங்களில் கலாத்தியருக்கு எழுதியதும் ஒன்று.